அறுவடைக்குப் பின் என்ன படிக்கலாம்? – அக்கரைப்பற்றுக் கரையோரத்தின் இளவேனில் நூல்கள்

பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் வீட்டுக்கோ ஆலைக்கோ போய்ச் சேர்ந்த பிறகு அக்கரைப்பற்றுப் பக்கம் சில வாரங்கள் கை சற்று ஓயும். வாடைக் காற்று அடங்கியிருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை வயல்காரர்கள் பார்த்திருப்பார்கள். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று பழந்தமிழர் பிரித்து வைத்தனர். இந்தக் கரையில் அதை அறுவடைக்குப் பிந்திய காலம் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருகிறது. ஜப்பானியரும் இலையுதிர்காலத்தையே வாசிப்புக்கு உகந்த காலமாகக் கருதுகின்றனர். ஆனால் நெல் விளையும் நமது கரையில் ஒக்டோபர் என்பது உழவும் விதைப்பும் மழைப்பயமும் சேர்ந்த மாதம். யுனெஸ்கோ 1995இல் உலகப் புத்தக நாளாக அறிவித்த ஏப்ரல் 23தான் எமது ஓய்வுக்கு நெருக்கமாக வருகிறது. சித்திரைப் புத்தாண்டும் அதே மாதம்தான். அந்த ஓய்வில் கையில் எடுக்கக்கூடிய சில நூல்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவை அக்கரைப்பற்றிலிருந்து பெரிய நீலாவணை வரையான இதே கரையில் பிறந்தவர்கள் எழுதியவை.

பருவத்தோடு வரும் நூல்கள்

பருவம் பார்த்து நூல் எடுப்பது இங்கே புதிய வழக்கம் அல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கும்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு என்று அம்பாறைக் கரையோரத்தில் இந்தக் கோயில்கள் பல உள்ளன. ஏட்டில் இருந்த அந்தக் காவியத்தை வி.சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் வெளியிட்டார். கோயிலில் காதால் கேட்டதை வீட்டில் கண்ணால் படிக்க விரும்புவோர் அதைத் தேடலாம். அவர் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பகுதியின் பேச்சு, வழக்கம், பாடல் ஆகியவற்றை ஒருங்கே சொல்லும் நூல்.

முஸ்லிம் வீடுகளில் நோன்பு மாதமே வாசிப்பின் மாதம். குர்ஆனை ஓதி முடிப்பதற்கு நாள் கணக்கு வைத்து ஓதுவோர் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நோன்பு ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்வதால், 2022 முதல் சில ஆண்டுகள் அது மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தொட்டுச் சென்றது. ஒரே ஊரில் தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு விடுமுறை, முஸ்லிம் பாடசாலைக்கு வேறொரு விடுமுறை. பிள்ளைகளின் ஓய்வு நாட்கள் ஒன்றாக வருவது அரிது. நூல்களை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தெரிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயலைப் பற்றிய நூல்கள்

அறுவடை முடிந்த கையோடு படிக்கப் பொருத்தமானது நீலாவணனின் 'வேளாண்மை' காவியம். பெரிய நீலாவணையில் 1931இல் பிறந்த அவர் 1975இல் மறைந்தார். நூல் 1982இல்தான் அச்சில் வந்தது. களவெட்டியும் போடியாரும் சூடடிப்பும் அறிந்த ஒருவருக்கு அகராதி இல்லாமலே இந்தக் காவியம் விளங்கும். இயந்திரம் வெட்டித் தூற்றிக் கொடுக்கும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு மூத்தவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதுவே நல்ல வாசிப்பாகிவிடும்.

கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல் வந்த நெடுங்கவிதைகளின் தொகுப்பு. அதில் உள்ள 'நிலம் என்னும் நல்லாள்' நிலத்தையும் உழவரையும் பற்றியது. நீலாவணனையும் நுஃமானையும் அடுத்தடுத்துப் படித்தால், தமிழ்க் கிராமத்தின் வயலும் முஸ்லிம் கிராமத்தின் வயலும் ஒரே மண் என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

நாவல் விரும்புவோருக்கு சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை' இருக்கிறது. 2009இல் வந்த இந்த நாவல், கிழக்கின் முஸ்லிம் விவசாயக் குடிகளின் பழைய வாழ்வை அவர்களுடைய பேச்சிலேயே சொல்கிறது. பாட்டாகக் கேட்க விரும்புவோருக்கு, அனார் தொகுத்து 2013இல் வெளியான 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' உண்டு. கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள் அடங்கியது. எழுதியவர் யார் என்று தெரியாத அந்தப் பாடல்களைப் பெத்தாவுக்கோ மூத்தம்மாவுக்கோ படித்துக் காட்டுங்கள். அச்சில் வராத இன்னும் இரண்டு கவிகளை அவர்கள் சொல்லக்கூடும். அவற்றை உடனே எழுதி வையுங்கள்.

பாலமுனை பாறூக்கின் 'தோட்டுப்பாய் மூத்தம்மா' என்ற குறுங்காவியமும் வாய்விட்டுப் படிக்க ஏற்றது.

ஒரே சந்தை

அக்கரைப்பற்றில் இருப்பவர் ஒரு நூல் மட்டுமே படிக்க முடியும் என்றால் விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' நாவலைச் சொல்வோம். கோளாவிலில் பிறந்து புலம்பெயர்ந்த அவர் எழுதிய இந்த நாவல் 2011இல் வெளிவந்தது. அக்கரைப்பற்றுச் சந்தைதான் களம். பக்கத்தில் பக்கத்தில் இருந்து விற்று வாங்கிய தமிழரும் முஸ்லிம்களும் எண்பதுகளில் எப்படிப் பிரிந்தனர் என்பதே கதை. இரண்டு தரப்பின் பேச்சும் ஊரில் கேட்பது போலவே பக்கங்களில் கேட்கிறது. சலவைத் தொழிலாளர் வாழ்வை எழுதிய அவருடைய 'வெள்ளாவி' 2004இல் வந்தது.

இதனோடு அக்கரைப்பற்றின் மூத்த எழுத்தாளர் அ.ஸ. அப்துஸ் ஸமதுவின் 'எனக்கு வயது பதின்மூன்று' சிறுகதைத் தொகுப்பையும் எடுக்க வேண்டும். அது 1977இல் வெளியானது. சந்தை பிரிவதற்கு முந்திய காலத்து முஸ்லிம் குடும்பங்களின் வாழ்வை அதில் பார்க்கலாம். நௌஷாத்தின் 'கொல்வதெழுதுதல் 90' தொண்ணூறுகளின் முஸ்லிம் கிராமம் ஒன்றை அதன் அரசியலோடும் அச்சத்தோடும் காட்டுகிறது.

1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். சில நாட்களிலேயே வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு தரப்பும் தன் இறந்தவர்களை நினைக்கிறது. மறு தரப்பின் நினைவு நாளுக்குப் போக இன்னும் பலருக்கு இயல்வதில்லை. புத்தகத்தை எடுப்பதற்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. யாரும் பார்க்காத வீட்டு மூலையில் இருந்தபடி அடுத்த தெருவின் துக்கத்தைப் படிக்கலாம். ஆகவே எங்கள் ஆலோசனை ஒன்றுதான்: இந்த இளவேனிலில் படிக்கும் நூல்களில் ஒன்றாவது மறு தரப்பில் பிறந்தவர் எழுதியதாக இருக்கட்டும்.

போரைப் பற்றிய நூல்களை எப்போது எடுப்பது?

போரில் ஆட்களை இழந்த வீட்டில் எல்லா நூலையும் எல்லா நாளும் திறக்க முடியாது. நினைவு நாள் வரும் வாரத்தில் கனமான நாவலைத் தொடங்காமல் இருப்பது நல்லது. இரவு படுக்கப் போகும் முன் படித்தால் உறக்கம் கெடுகிறது என்று தெரிந்தால் பகலில் படியுங்கள். பாதியில் மூடி வைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. நூல் காத்திருக்கும். மனம் தாங்காத அளவுக்குப் பழைய காட்சிகள் திரும்பி வந்தால், தனியே இருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கவிதை நூல்கள் உதவும். ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்', பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கத்தின் 'நீர்வளையங்கள்' இரண்டும் 1988இல் வந்தவை. அக்கரைப்பற்றைச் சேர்ந்த றஷ்மியின் 'காவு கொள்ளப்பட்ட வாழ்வு முதலாய கவிதைகள்' அடுத்த தலைமுறையின் குரல். சாய்ந்தமருதில் வாழும் அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' 2007இல் வந்தது. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் உலகத்தை அறிய விரும்புவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

தெரிவு செய்யும்போது

முதலில் உங்களிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரம் என்றால் ஒரு நாவலும் ஒரு கவிதைத் தொகுப்பும் போதும். பத்து நூல் எடுத்து அடுக்கி வைத்தால் ஒன்றும் முடியாது.

வீட்டில் யார் யார் படிக்கப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். கண் மங்கிய முதியவருக்கு நாட்டார் பாடலோ காவியமோ ஏற்றது; பிள்ளைகள் வாசிக்க அவர் கேட்கட்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குச் சிறுகதை கொடுக்கலாம். வன்முறை உள்ள நாவலைக் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது; பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கலாம்.

மூன்றாவது, படித்ததைக் கைமாற்றுங்கள். சிறுபோக விதைப்பு தொடங்கும் முன் ஒரு நூல் மூன்று வீடுகளுக்குப் போய்விடும்.

எங்கே கிடைக்கும்?

காலச்சுவடு போன்ற தமிழகப் பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்கள் கடைகளில் கிடைக்கக்கூடும். எழுபது, எண்பதுகளில் இங்கே சிறிய அளவில் அச்சான நூல்களைக் கடையில் காண்பது அரிது. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணைய நூலகத்தில் பழைய ஈழத்து நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்போருக்கும் அதுவே சுலபமான வழி.

நூல்கள் அழிந்த வரலாறு எமக்கு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இந்தக் கரையில் வீடுகளோடு புத்தக அலுமாரிகளும் போயின. எனவே உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய நூல் ஒன்று, கோயில் மலர் ஒன்று, பள்ளிவாசல் வெளியீடு ஒன்று கிடந்தால் அதைப் பழைய கடதாசியோடு எடைக்குப் போடாதீர்கள். மழை இல்லாத இந்த நாட்களில் வெளியே எடுத்து, தூசு தட்டி, நிழலில் உலர வைத்து, ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகு நூலகத்துக்குக் கொடுங்கள். அந்தப் பிரதி ஊரில் எஞ்சியிருக்கும் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும்.