சுரங்க ரயிலில் குறுக்குத் தடம்

கிராஸ் ஓவர் எனப்படும் குறுக்குத் தடம், அருகருகே செல்லும் இரண்டு ரயில் தடங்களைப் பாயிண்ட்கள் (ரயிலைத் தடம் மாற்றும் நகரும் தண்டவாள அமைப்புகள்) மூலம் இணைக்கும் குறுகிய தடம். கடைசி நிலையம் வரை போகாமல், இடையிலேயே ரயிலைத் திருப்பி அனுப்ப இது பயன்படுகிறது.

தேவை

விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் ஒற்றைத் தடத்தில், எதிரெதிரே வரும் ரயில்களுள் ஒன்று நிலையத்து லூப் லைனில் ஒதுங்கி வழிவிடும். திரும்ப வேண்டிய ரயில் வந்த தடத்திலேயே திரும்பிவிடும். சுரங்க ரயிலுக்கோ போக ஒரு தடம், வர ஒரு தடம். திரும்பும் ரயில் தடம் மாறியே ஆக வேண்டும்.

நகர மையத்தில் கூட்டம் நெரியும். புறநகர் முனைகளில் குறையும். சில ரயில்களை இடையிலேயே திருப்பினால், இருக்கும் வண்டிகளைக் கொண்டே மையப் பகுதியில் கூடுதல் நடைகள் விடலாம். சுரங்கத்தில் பழுதான வண்டியை முந்திச் செல்ல வழியில்லை; ஒன்று நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நின்றுவிடும். குறுக்குத் தடம் இருந்தால் பழுதான பகுதியை மட்டும் விலக்கி, இருபுறமும் சேவையைத் தொடரலாம்.

அமைப்பும் செலவும்

1863இல் லண்டனில் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் ரயில்வேயில் இரு தடங்களும் பெரும்பாலும் ஒரே சுரங்கத்தில் இருந்தன. அவற்றை இணைப்பது எளிது. 1890இல் வந்த சிட்டி அண்டு சவுத் லண்டன் ரயில்வே, சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள தனித்தனிக் குழாய்ச் சுரங்கங்களில் ஓடியது. இத்தகைய குழாய்களை இணைக்க, இரண்டையும் உள்ளடக்கும் அகன்ற அறையை ஆழத்தில் குடைய வேண்டும். அதனால் குறுக்குத் தடங்களை எண்ணித்தான் அமைத்தார்கள்.

கிளாஸ்கோவில் 1896இல் திறந்த வட்டச் சுரங்க ரயிலில் பாயிண்ட்களே இல்லை. பராமரிப்புக்காகப் பெட்டிகளை கோவன் பணிமனையில் கிரேன் கொண்டு தடத்திலிருந்து மேலே தூக்கினார்கள். 1977இல் மூடிப் புதுப்பித்து 1980இல் மீண்டும் திறந்தபோதுதான் பணிமனைக்கு நேரடித் தடமும் பாயிண்ட்களும் வந்தன.

இந்தியாவில்

கொல்கத்தா மெட்ரோ 1984இல் எஸ்பிளனேடு–பவானிபூர் இடையே தொடங்கிப் படிப்படியாக நீண்டது. சென்னையின் முதல் சுரங்கப் பகுதி 2017 மே 14 அன்று திருமங்கலம்–நேரு பூங்கா இடையே திறக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் சென்ட்ரல் வரை நீளும் வரை நேரு பூங்காவே முனையம். இவ்வாறு பகுதி பகுதியாகத் திறக்கும் வழித்தடங்களில், தற்காலிக முனையத்தை ஒட்டிக் குறுக்குத் தடம் இருந்தால்தான் இரு தடங்களிலும் முறையாக ரயில் விட முடியும். சுரங்கம் தோண்டி முடித்த பிறகு இதைச் சேர்ப்பது மிகக் கடினம் என்பதால், வரைபடக் கட்டத்திலேயே இதற்கான இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.