பேகம்பூரில் பதனான தோல்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். சற்று மூத்தவர்களுக்குச் சுருட்டும் புகையிலையும் நினைவுக்கு வரும். இவற்றுக்குக் கிடைத்த புகழ் கிடைக்காமலே, அவ்வூரில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் தொழில் ஒன்று உண்டு. அது தோல் பதனிடும் தொழில். ஊரார் அந்தச் சாலைகளைத் 'தோல் ஷாப்பு' என்று சொல்லுவர். அவற்றில் பல பேகம்பூரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் அமைந்தவை. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள இந்தப் பேகம்பூர், பெயரிலேயே ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்பது. 1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கமானதால் பேகம்பூர் என்ற பெயர் வந்தது என்பர். இன்று நாம் காணவிருப்பது அந்த அரசியல் வரலாறு அன்று. நம் காலில் கிடக்கும் செருப்பின் வரலாறு.

மாணவர்களே, தோல் என்பது என்ன? உயிர் போன பின் எஞ்சும் தோல் ஈரமாக இருந்தால் இரண்டொரு நாளில் அழுகும். வெயிலில் காய்ந்தால் பலகைபோல் விறைத்து, மீண்டும் நனைந்தால் மீண்டும் அழுகும். அழுகவும் கூடாது, விறைக்கவும் கூடாது என்றால் அதன் உள்ளமைப்பையே மாற்றவேண்டும். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. நூற்கண்டைச் சிக்கலாகப் போட்டு வைத்தாற்போல் இந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழைகளுக்கிடையே வேறொரு பொருளைப் புகுத்தி, அவற்றை ஒன்றோடொன்று கட்டிவிட்டால், அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பிறகு அதை எளிதில் தின்ன முடியாது. பதனிடுதல் என்பது இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்துமுடிக்கப் பழைய முறையில் வாரக்கணக்காகும்.

மண்டிக்கு வரும் பச்சைத் தோல் உப்பிட்ட தோலாகவே வரும். 100 கிலோ மாட்டுத் தோலுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு என்பது வழக்கமான கணக்கு. இந்த உப்பை மறந்துவிடாதீர்கள்; பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முதலில் தோலை நீரில் ஊறவைத்து உப்பையும் இரத்தத்தையும் அழுக்கையும் போக்குவார்கள். அடுத்தது சுண்ணாம்புக் குழி. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் சில நாள் கிடந்தால் மயிரின் வேர் தளர்ந்துவிடும். இழைகளும் ஊதி விரியும். பிறகு தோலைச் சாய்ந்த மரக்கட்டையின்மேல் விரித்து, இருபுறமும் பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரை வழித்தெடுப்பார்கள். கூரிய கத்தியால் உட்புறத்துச் சதையைச் சீவுவார்கள். கை சற்றுத் தவறினால் தோலில் கீறல் விழும், விலை பாதியாகும். ஆகவே நல்ல கத்திக்காரருக்கு எந்தச் சாலையிலும் மதிப்பு உண்டு.

அடுத்துச் சுண்ணாம்பை நீக்கித் தோலை மென்மையாக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு நெடுங்காலம் நாயின் மலத்தையும் பறவையின் எச்சத்தையும் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஏன் அது பயன்படுகிறது என்று ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ ரோம், அதிலுள்ள செரிமான நொதிகளே வேலை செய்கின்றன என்று கண்டு, 1907-ஆம் ஆண்டையொட்டிக் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்குப் பதிலாகப் புகுத்தினார்.

இனி ஆவாரை. நம் தரிசுகளில் மஞ்சள் பூப்பூத்து நிற்கும் அந்த ஆவாரஞ் செடியின் பட்டைதான் தென்னிந்தியத் தோலுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. பட்டையை இடித்து நீரில் போட்டால் துவர்ப்புச் சாறு இறங்கும். முதலில் நீர்த்த சாறு, பிறகு சற்றே கடுமையானது, பிறகு இன்னும் கடுமையானது என்று குழிக்குக் குழி தோலை மாற்றிக்கொண்டே போவார்கள். முதலிலேயே கடுஞ்சாற்றில் போட்டால் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஆவாரையில் ஒரு குறை உண்டு: வெளிச்சம் பட்டால் தோல் செந்நிறம் ஏறும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பார்கள். பின்னர் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தித் தரம் பிரிப்பார்கள். ஆட்டுத் தோலுக்கு மூன்று நான்கு வாரம். மாட்டுத் தோலுக்கு இன்னும் கூடுதல்.

இவ்வளவு பாடுபட்டு முடித்தது முழுப் பொருளா என்றால், இல்லை. அது பாதிப் பொருள். சாயம் ஏற்றாமல், பளபளப்பு ஏற்றாமல், அப்படியே கட்டுக்கட்டாகக் கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. அங்கே 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் ஏலம் விட்டார்கள். பெர்மண்ட்ஸி பகுதித் தொழிலாளர்கள் அதைச் சாயமேற்றி, மெருகேற்றி, காலணிக்கும் பைக்கும் ஏற்றதாக்கினார்கள். 1875-இல் திருச்சி – மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்ட பின், உள்நாட்டு ஊர்களிலிருந்து துறைமுகத்துக்குத் தோலை அனுப்புவது எளிதாயிற்று. முதல் உலகப் போரின்போது சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத் தோலை அரசாங்கமே பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸுக்காக வாங்கிக்கொண்டது. பிரான்சின் சேற்றில் நடந்த சிப்பாய்களின் கால்களில் நம் ஆவாரஞ் செடியும் நடந்தது எனலாம். ஆனால் அந்தப் பூட்ஸின் விலையில் பெரும்பங்கு மெருகேற்றிய நாட்டிற்கே போய்ச் சேர்ந்தது.

இந்தப் பாதியை முழுமையாக்க முயன்றவர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிட்டுப் பார்த்தார். குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884-இல் உரிமம் பெற்றிருந்தார். குழியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய தோல், சுழலும் மரப்பீப்பாயில் ஒரு நாளுக்குள் பதனாகிவிடும், கொதிநீரையும் தாங்கும். சாட்டர்டன் இந்தத் தோலைச் செருப்புக்கு மட்டுமன்றி வேறொன்றுக்கும் பரிந்துரைத்தார். அது நம் உழவர்கள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கமலையின் தோற்பை. பட்டையில் பதனிட்ட தோல் ஓயாது நீரில் நனைந்தால் விரைவில் கெடும். குரோம் தோல் நெடுநாள் உழைக்கும். முயற்சி நன்றாகவே நடந்தது. ஆயினும் அரசாங்கம் தானே தொழில் நடத்துவது தகாது என்று 1910-இல் இந்தியா மந்திரி மார்லி முடிவு செய்யவே, அந்தக் குரோம் சாலை கைமாறிற்று. தனியார் தொழிலுக்குப் போட்டி என்பது சொல்லப்பட்ட காரணம். இங்குள்ள தொழில் தானே எழுந்து நிற்பதை எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது வேறு கேள்வி.

குழிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சாலைகளின் உரிமையாளரும் வணிகரும் பெரும்பாலும் முஸ்லிம் பெருமக்கள். சுண்ணாம்பு நீரில் நின்றவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். சுண்ணாம்பு கைகால்களை அரிக்கும். அந்நாளில் உறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. உலகத்தாரின் காலுக்குத் தோல் செய்தவர்கள் வெறுங்காலுடன் நின்றார்கள். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் இவர்களுடைய வாழ்வையும் சங்கம் கண்ட போராட்டத்தையும் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். அது 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது. இந்த ஊரின் தொழில் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர் அதைப் படித்தே ஆகவேண்டும்.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆவாரம்பட்டை போதாமற் போகவே, வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரத்தின் பட்டையைப் பயன்படுத்தினார்கள். அதை வெளிநாட்டிலிருந்து வாங்குவதைக் குறைக்க நீலகிரியிலும், திண்டுக்கல்லுக்கு அருகே பழனி மலையிலும் வாட்டில் தோட்டங்களை வளர்த்தார்கள். அம்மரம் இன்று மலைப் புல்வெளிகளை விழுங்கிவரும் அயல் மரமாகக் கருதப்படுவது தனிக்கதை.

பெரிய திருப்பம் 1973-ஐ ஒட்டி வந்தது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுத் தோலாகவும் செருப்பாகவும் பையாகவும் அனுப்புவோர்க்கு ஊக்கம் அளித்தது. நூறாண்டுக் குறை தீர்ந்தது என்றே சொல்லவேண்டும். வருவாய் பெருகியது, பெண்கள் ஏராளமாகக் காலணி ஆலைகளில் வேலை பெற்றார்கள். அதே சமயம், இலண்டனில் நடந்துவந்த மற்றப் பாதி வேலையும் நம் மண்ணுக்கு வந்தது. சாயமும் குரோமியமும் அவற்றைக் கழுவிய நீரும் உடன் வந்தன. திண்டுக்கல் பகுதியில் சுமார் 80 தோல் சாலைகள் இயங்கின. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் வரை நீர் தேவைப்படும் என்பது ஒரு கணக்கு. அந்த நீர் எங்கே போகும்? வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போயிற்று. அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிற்று. கொடகனாற்றின் மேற்பகுதி அது, பாறை நிலம், மழையும் குறைவு. பாறையின் வெடிப்புகளில் தேங்கும் நீரை நம்பியே அங்கே கிணறுகள் வெட்டியிருந்தார்கள்.

வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. அத்தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றி ஒரு கணக்கு இடம்பெற்றுள்ளது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பகுதிகளைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று கண்டது. நான்கில் மூன்று பங்கு! பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க நேர்ந்தது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்கவேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்ததும் இத்தீர்ப்புத்தான். தோல் சாலைகளின் வாசற்படியில் நின்று எழுந்த வழக்கு, சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் படிக்கும் பாடமாயிற்று.

இவ்விடத்தில் பழியைக் குரோமியத்தின்மேல் மட்டும் சுமத்துவது எளிது; அது முழு நியாயம் ஆகாது. குரோமியம் நஞ்சாகக்கூடியதுதான். ஆயினும் கழிவு நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் அதன் பெரும்பகுதி சேறாகப் படிந்துவிடும். படிந்த சேற்றிலிருந்து மீட்டு மறுபடியும் பயன்படுத்தவும் இயலும். கிணற்று நீரை உவர்ப்பாக்கியது பெரும்பாலும், முன்னே மறக்க வேண்டாம் என்று சொன்ன அந்தச் சாதாரணக் கறியுப்பு. பச்சைத் தோலைக் காக்கத் தூவிய உப்பு முதல் ஊறலிலேயே நீரில் கரைந்து வெளியேறுகிறது. குரோம் முறையில் பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்திலும் உப்பிலும் ஊறவைப்பதால் மேலும் உப்பு சேர்கிறது. ஆவாரங் காலத்திலும் முதல் உப்பு இருந்தது, அளவுதான் குறைவு. மற்றக் கழிவுகள் வண்டலாகும், அல்லது நுண்ணுயிர்களுக்கு இரையாகும். உப்போ படியாது, மட்காது.

தோல் சாலைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தன. அத்தகைய நிலையம் சேற்றைப் பிரிக்கும், நாற்றத்தைக் குறைக்கும். உப்பைப் பிரிக்க அது போதாது. நுண்துளைச் சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிகட்ட வேண்டும். எஞ்சிய கடுநீரை நெருப்பேற்றி ஆவியாக்க வேண்டும். இரண்டும் பெருஞ்செலவு. சிறு சாலைகள் பல இச்செலவைத் தாங்க இயலாமல் தவித்தன. ஆகவே உப்பை முதலிலேயே குறைக்கும் வழிகளை விஞ்ஞானிகள் தேடினார்கள். தோலில் ஒட்டிய உப்பை ஊறவைக்கும் முன் உதறி எடுப்பது, ஆடு மாடு அறுத்த உடனே குளிரூட்டிக் கொண்டுவருவது, உப்பின் அளவைக் குறைத்து வேறு காப்புப் பொருளைச் சேர்ப்பது என்று பல. முதலாவது வழிக்கு யந்திரம்கூடத் தேவையில்லை; மரச்சட்டத்தின்மேல் தோலை வீசி அடித்தாலே உப்பில் ஒரு பகுதி உதிர்ந்துவிடும்.

ஆவியாக்கிய பின்னும் ஒன்று எஞ்சுகிறது. தமிழ்நாட்டில் இம்முறை நடக்கும் நிலையங்களில், பல இரசாயனங்கள் கலந்த பழுப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேருகிறது. உணவுக்கு அது உதவாது. மண்ணில் கொட்டினால் மழையோடு கரைந்து மறுபடியும் கிணற்றுக்கே போகும். ஆகவே கூரையிட்ட கொட்டகைகளில் அதை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.