திருத்தம் காட்டும் பதிவேடு: லா சப்பலும் உத்தரமேரூரும்

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவை ஒட்டி, 1980களுக்குப் பின் ஈழத்தமிழர் கடைகள் பெருகின. 2018 சனவரி 1 முதல், மதிப்புக்கூட்டு வரி செலுத்தும் வணிகர் பயன்படுத்தும் கல்லா மென்பொருளுக்குப் பிரெஞ்சுச் சட்டம் மாற்றவியலாமை, பாதுகாப்பு, சேமிப்பு, ஆவணக்காப்பு என நான்கு நிபந்தனைகளை விதித்தது. உரிய சான்று காட்டாதோர்க்கு 7,500 யூரோ தண்டம்.

இத்தகைய பதிவேட்டில் ஒவ்வொரு பதிவும் முந்தையதன் கணிதச் சுருக்கத்தைத் தாங்கி நிற்பது ஒரு முறை. இடையில் ஓர் எண் மாறினும் சங்கிலி பொருந்தாது. 1991இல் ஹேபர், ஸ்டோர்னெட்டா வெளியிட்ட காலமுத்திரை முறை இதன் முன்னோடி. செயற்கை நுண்ணறிவு முகவர்களின் பயன்பாட்டுப் பதிவுகளையும் இவ்வழியே மென்கருவிகளால் சரிபார்க்கலாம்.

ஆயினும் பதியாது விட்டதைச் சங்கிலி காட்டாது. பதிவேட்டை உடையவரே அதை முழுதும் புதிதாய் எழுதிவிடவும் கூடும். எனவே அதன் சுருக்கம் பிறர் கையிலும் இருத்தல் வேண்டும்.

இத்தேவையைத் தமிழகம் முன்பே அறிந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (921), குடவோலையை நடுவர் ஐவிரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்று வாசித்தபின், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும் என்கிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் தேர்வினின்று விலக்குகிறது. எழுதுவோர் ஒருவராயினும் சரிபார்ப்போர் பலராதலே பதிவின் நம்பகத்திற்கு அடிப்படை.