பெத்லகேம் குறவஞ்சி

பெத்லகேம் குறவஞ்சி என்பது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கிறித்தவ இசை நாடக நூல். 1800ஆம் ஆண்டை ஒட்டிப் பாடப்பட்டது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.

விவிலியக் கதையைக் காலத்தின் மேடை இசையில் சொல்வது என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்னும் ராக் ஓபரா. டிம் ரைஸ் பாடல் எழுத, ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் இசையமைத்தார். மேடையேற்ற முதலாளி கிடைக்காததால் 1970இல் அது முதலில் இசைத்தட்டாகவே வெளிவந்தது. 1971இல்தான் நியூயார்க்கின் பிராட்வே மேடையைக் கண்டது. தேவதூஷணம் என்று கண்டித்தவர்களும் உண்டு. தமிழில் இம்முயற்சி அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் முந்தியது. அன்று மக்கள் விரும்பிப் பார்த்த ஆட்டம் குறவஞ்சி.

ஆலங்குடி, விராலிமலை உள்ளிட்ட புதுக்கோட்டைப் பகுதியினருக்குக் குறவஞ்சி புதிதன்று. விராலிமலை முருகன் மீதே ஒரு குறவஞ்சி உண்டு. அதன் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. தலைவன் உலா வருவான். கண்ட தலைவி காதலால் வாடுவாள். குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் பாடிக் குறி சொல்வாள். பின்னர் பறவை பிடிக்கும் சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவான்.

சாஸ்திரியார் இந்தச் சட்டகத்தைக் குலைக்கவில்லை. உலா வருபவர் பெத்லகேம் நாதராகிய இயேசு. அவர்மேல் காதல் கொள்ளும் தேவமோகினி சீயோன் மகள், அதாவது திருச்சபை. குறி சொல்லும் ஞானச் சிங்கி விசுவாசம். சிங்கன் விரிக்கும் வலை நற்செய்தி. அதில் சிக்கும் பறவைகள் ஆன்மாக்கள். சிருங்காரம் மிகுந்த வடிவத்தில் வேதத்தை வைப்பதா என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் உன்னதப்பாட்டு காதல் பாட்டுதான். திருச்சபையை மணமகளாகக் காட்டுவதும் விவிலிய மரபுதான். நாட்டுவளம் பாட வேண்டிய இடத்தில் உலக நிலப்பரப்புகளும், ஐரோப்பியரிடம் கற்ற வானவியலும் நுழைந்துவிடுகின்றன. இந்த நூலின் மிகத் துணிச்சலான பகுதி இதுவே எனலாம்.

அந்தக் கல்வி வந்த வழி தெளிவானது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட (1798–1832) இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக்கிச் சிவக்கொழுந்து தேசிகர் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அரசன் அமர்ந்த இடத்தில் பெத்லகேம் நாதரை வைத்த சாஸ்திரியார், அதே அரசனின் ஆதரவையும் பெற்றிருந்தார்.

எதிர்ப்பு அரண்மனையிலிருந்து வரவில்லை, சொந்தச் சபையிலிருந்தே வந்தது. சுவார்ட்ஸ் காலத்துக்குப் பின் வந்த மிஷனரிகளுக்குப் பழைய வழக்கங்கள் ஒப்பவில்லை. 1829ஐ ஒட்டித் தஞ்சையில் மோதல் வெடித்தது. தமிழ் வேதாகமத்தைத் திருத்தியது, ஆராதனையில் தமிழ்ப் பாடலையும் இசையையும் விலக்கியது, விழாக்களில் பூக்களைத் தடுத்தது, சாதி வேறுபாட்டை விடச் சொன்னது என நான்கு கொடுமைகளை அவர் அடுக்கினார். முதல் மூன்றுக்காக அவரைப் பாராட்டுவோர் நான்காவதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. ஆனால் வெள்ளாளக் கிறித்தவரான அவருக்கு இசையும் பூவும் சாதி வரிசையும் ஒரே மரபின் பகுதிகள். நற்கருணையில் எல்லாரும் கலந்து அமர வேண்டும் என்ற விதியை ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்கள் கொடுமையாகக் கண்டிருக்க முடியாது.

சாதி குறித்த வாதத்தில் மிஷனரிகள் பின்வாங்கவில்லை. இசை குறித்த வாதத்தில் காலம் சாஸ்திரியார் பக்கம் நின்றது. அவருடைய கீர்த்தனைகள் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை ஆராதனைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவருடைய வழிவந்தோர் 'வேதநாயக சாஸ்திரியார்' என்ற பெயரையே பட்டமாக ஏற்று, விவிலியக் கதைகளைக் கதாகாலட்சேபமாகப் பாடிவருகின்றனர்.