கண்ணிலிருந்து தீர்மானத்திற்கு: காசநோய்ப் பரிசோதனை வழி ஆய்வக நுட்புநரின் கல்வியும் திறனும்

முன்னுரை

நோயைக் கண்டறிபவர் மருத்துவர் என்பது பொதுவழக்கு. எனினும், அவரது முடிவுக்குரிய சான்றை உருவாக்குபவர் ஆய்வக நுட்புநர். அவரது கல்வியும் திறனும் மாறிவந்த வரலாற்றைக் காசநோய்ச் சளிப் பரிசோதனையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகள் வளர்ந்தபோது நுட்புநரின் திறன் குறையவில்லை. கண்ணிலிருந்து தீர்மானத்திற்கு இடம்பெயர்ந்தது என்பதே இதன் கருதுகோள்.

கண்ணும் கையும்

1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதையடுத்துச் சீல், நீல்சன் ஆகியோர் பெயரால் வழங்கும் சாயமேற்று முறை உருவானது. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, கார்பால் ஃபுக்சின் சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலத்தால் மறுசாயமிட்டால், நீலப் பின்புலத்தில் கிருமிகள் சிவந்த கோல்களாகத் தோன்றும். பூச்சு தடித்தாலோ நிறநீக்கம் பிழைத்தாலோ முடிவும் பிழைக்கும். ‘கிருமி இல்லை’ என எழுதுமுன் குறைந்தது 100 நுண்ணோக்கிப் புலங்களைப் பார்த்தல் வேண்டும் என்பது நெறி. அந்நெறியைக் காத்தவை பார்ப்பவரின் பொறுமையும் நேர்மையுமே. இத்திறன் பெரிதும் மூத்தோர் அருகிருந்து பழகிப் பெறப்பட்டது.

சென்னை ஆய்வு

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்து மருந்துண்டோரையும் சானடோரியத்தில் தங்கியோரையும் அது ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்னும் முடிவு 1959இல் வெளியாயிற்று. குணமானதை உறுதிசெய்ய நோயாளியின் தோற்றம் போதாது. சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, கிருமி வளர்கிறதா என வாரக்கணக்கில் காத்திருந்து அறிய வேண்டும். மாதிரி மாறாமையும் மாசு படாமையும் இங்குத் தனித்திறன்களாயின. உலகக் காசநோய்க் கொள்கையைத் திருப்பிய அவ்வாய்வு, இத்தகைய ஆய்வகப் பணியின்மீதே நின்றது.

கருவியும் தீர்மானமும்

உலக நலவாழ்வு அமைப்பு 2010இல் பரிந்துரைத்த தானியங்கி மரபணுச் சோதனை, சுமார் 2 மணி நேரத்தில் கிருமியையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கான எதிர்ப்பையும் காட்டுகிறது. இங்கு நுட்புநர் கிருமியைக் கண்ணால் காண்பதில்லை. ஆயினும், சளிக்குப் பதில் உமிழ்நீர் வந்திருப்பதை அறிந்து திருப்ப வேண்டியவர் அவரே. முன்பு சிகிச்சை பெற்றவரிடம் இறந்த கிருமியின் மரபணுவும் ‘உண்டு’ என்னும் முடிவைத் தரலாம். அதனை உணர்ந்து மருத்துவருக்கு உணர்த்த உயிரியல் அறிவு தேவை.

சட்டத்தின் ஏற்பு

இம்மாற்றத்திற்கேற்ற சட்ட ஏற்பு தாமதமாகவே வந்தது. துணைநிலை மற்றும் நலப்பணித் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் மருத்துவ ஆய்வகத் துறை முதலிடம் பெற்றது. துணைநிலைப் பணியாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரக் கல்வியையும், நலப்பணித் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3600 மணி நேரப் பட்டக் கல்வியையும் அச்சட்டம் வரையறுக்கிறது.

முடிவுரை

தவறாக எழுதப்பட்ட ஓர் ‘இல்லை’ நோய்பரப்பும் ஒருவரை வீட்டிற்கு அனுப்புகிறது. தவறான ஓர் ‘உண்டு’ நோயற்றவரை மாதக்கணக்கில் மருந்துண்ண வைக்கிறது. கருவியை இயக்கக் கற்பிப்பது மட்டும் இப்பிழைகளைத் தடுக்காது. எம்முடிவை நம்பலாம், எதனை மீண்டும் சோதிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கக் கற்பிப்பதே ஆய்வகக் கல்வியின் மையமாதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.