குமானோ தூரிகை: எழுதுகோலிலிருந்து பவுடர் பிரஷ் வரை

குமானோ தூரிகை என்பது ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள குமானோ என்னும் சிற்றூரில் செய்யப்படும் தூரிகைகளுக்கு வழங்கும் பொதுப்பெயர். எழுதும் தூரிகை, ஓவியத் தூரிகை, ஒப்பனைத் தூரிகை ஆகிய மூன்றும் இங்கே உருவாகின்றன. ஜப்பானில் செய்யப்படும் தூரிகைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வூரைச் சேர்ந்தவை. முகப்பவுடர் பூசும் மென்மையான பிரஷ்ஷுக்கு இன்று இவ்வூர் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அந்தத் தொழில் இங்கே வளர்ந்தது ஒரு பெரும் நெருக்கடிக்குப் பின்னரே.

தொடக்கம்

குமானோ மலைகள் சூழ்ந்த ஊர், விளைநிலம் குறைவு. எனவே எடோ காலத்தின் (1603-1868) பிற்பகுதியில் இவ்வூர் உழவர்கள், வயலில் வேலை இல்லாத மாதங்களில் கீ, யோஷினோ பகுதிகளுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். திரும்பும்போது நாரா முதலிய இடங்களில் தூரிகையும் மையும் வாங்கி, வழியில் உள்ள ஊர்களில் விற்றுக்கொண்டே வந்தனர். நாளடைவில், விற்கும் பொருளைத் தாங்களே செய்யவும் முற்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இளைஞர் சிலர் வெளியூர் சென்று தொழில் கற்று வந்து, ஊராருக்கும் கற்றுக் கொடுத்தனர்.

1872இல் ஜப்பானில் நவீனப் பள்ளிக் கல்வி முறை அறிமுகமானது. பிள்ளைகள் பள்ளியில் தூரிகையால் எழுதப் பழகினர். மாணவர் எண்ணிக்கை பெருகப் பெருக, குமானோவின் தொழிலும் பெருகியது.

நெருக்கடியும் மாற்றமும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், நேச நாடுகளின் ஆட்சிக் காலத்தில் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. தொடக்கப் பள்ளிகளில் தூரிகை எழுத்துப் பாடம் நீக்கப்பட்டது. பள்ளியை நம்பியிருந்த ஊருக்கு இது பேரிடியாக அமைந்தது, விற்பனை சரிந்தது.

1950களின் நடுப்பகுதியிலிருந்து குமானோ கைவினைஞர்கள் ஓவியத் தூரிகைக்கும் ஒப்பனைத் தூரிகைக்கும் திரும்பினர். அவர்களுக்கு ஆட்டு முடியைத் தரம் பிரிக்கவும், நுனி சேர்க்கவும், நூலால் கட்டவும் முன்பே தெரியும். அதே கைத்திறனைப் புதிய பயனுக்கு மாற்றிக்கொண்டனர். நெடுங்காலம் இவ்வூர் ஒப்பனைத் தூரிகைகள் பிற நிறுவனங்களின் பெயரிலேயே விற்கப்பட்டன. செய்த ஊரின் பெயர் வெளியே தெரியவில்லை.

1975இல் குமானோ தூரிகை ஜப்பான் அரசின் மரபுக் கைவினைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. 2011இல் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் வென்ற ஜப்பான் அணிக்கு அரசு மக்கள் கௌரவ விருது வழங்கியபோது, வீராங்கனைகளுக்குக் குமானோ ஒப்பனைத் தூரிகைகளைப் பரிசளித்தது. அதன்பின் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

செய்முறையின் சிறப்பு

முடியின் இயற்கையான நுனியை வெட்டாமல் விடுவதே குமானோ தூரிகையின் தனிச்சிறப்பு. தலைகீழாக உள்ள முடிகளும் நுனி சிதைந்த முடிகளும் முதலில் நீக்கப்படும். பிறகு ‘கோமா’ எனப்படும் சிறு மர அச்சில், நுனி கீழே இருக்கும்படி முடியை இட்டு, தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருவர். கத்தரியால் வடிவம் வெட்டினால் முடியின் முனை மொட்டையாகி முகத்தில் குத்தும். வெட்டாத முனை மெலிந்து முடிவதால் தோலில் மெத்தென்று படியும். பவுடரும் திட்டுத்திட்டாக ஒட்டாமல் சீராகப் பரவும்.

விலை குறைந்த பிரஷ்

கைவினைத் தூரிகையின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அந்த இடத்தைச் செயற்கை இழைகள் நிரப்பின. 1938இல் நைலான் இழைப் பல் துலக்கும் பிரஷ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் ஒப்பனைப் பிரஷ்களிலும் செயற்கை இழைகள் இடம்பிடித்தன. இன்று பாலியெஸ்டர் வகை இழைகளின் முனையை வேதிமுறையில் மெலியச் செய்கிறார்கள். இயற்கை முடியின் நுனி தரும் மென்மையைக் குறைந்த விலையில் பெறும் வழி இது. விலங்கு முடியை விரும்பாதோருக்கும் இவ்வகை ஏற்றது.

ஆகவே குறைந்த விலையில் பிரஷ் வாங்குவோர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்:

- பிரஷ்ஷைக் கன்னத்தில் தடவினால் குத்தக் கூடாது.
- மெல்ல இழுத்தால் முடி கொத்தாக உதிரக் கூடாது.
- முடியையும் கைப்பிடியையும் இணைக்கும் உலோகப் பூண் ஆடக் கூடாது.
- பவுடருக்கு அகன்று, தளர்வாக விரியும் பிரஷ் ஏற்றது. முடி மிக நெருக்கமாக இருந்தால் பவுடர் ஓரிடத்திலேயே அதிகமாகப் படியும்.

நுனியில் மட்டும் பவுடரைத் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட்டு, அழுத்தாமல் பூச வேண்டும். மென்மையான சோப்பு நீரில் அவ்வப்போது கழுவி, படுக்க வைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் நீர் பூணுக்குள் இறங்கிப் பசை இளகும்; முடி உதிரும்.

இன்று

குமானோவில் பலர் தூரிகைத் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். 1935இல் தொடங்கிய தூரிகைத் திருவிழா இங்கே இலையுதிர் காலத்தில் நடைபெறுகிறது. உழைத்துத் தேய்ந்த பழைய தூரிகைகளை அன்று நன்றியோடு தீயிலிட்டு வழியனுப்புவது ஊர் வழக்கம்.