நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் முறையான விசாரணை பெறும் உரிமை

நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டவர், குற்றச்சாட்டு இன்னதென்று திட்டவட்டமாக அறியவும், பதில் சொல்ல அவகாசம் பெறவும், சாட்சியம் அளிக்கவும், சார்பற்ற நீதிபதியின் முன் வாதாடவும் உள்ள உரிமை இது. எதிர்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்னும் இயற்கை நீதியின் இரு விதிகளே இதற்கு வேர். மற்றக் குற்ற வழக்குகளில் போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி ஆகியோர் வெவ்வேறு ஆட்கள். அவமதிப்பு வழக்கிலோ புண்பட்டவர், சாட்சி, குற்றம் சாட்டுபவர், தீர்ப்பளிப்பவர் நால்வரும் ஒரே நாற்காலியில் அமர்ந்துவிட இடமுண்டு. ஆகவே இந்த உரிமை வேறெங்கையும்விட இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 129ஆவது பிரிவும், உயர் நீதிமன்றங்களுக்கு 215ஆவது பிரிவும் அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தருகின்றன. நடைமுறையை வகுப்பது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். அதன்படி உச்சத் தண்டனை 6 மாத வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குற்றவியல் அவமதிப்பை இரண்டுக்குக் குறையாத நீதிபதிகள் கொண்ட அமர்வுதான் விசாரிக்க வேண்டும். நோட்டீஸ் நேரில் சார்வு செய்யப்பட வேண்டும். எதிர்மனுதாரர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். சொன்னது உண்மை, பொதுநலனுக்காகவே சொன்னேன் என்ற எதிர்வாதத்துக்கு 2006ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது.

நீதிமன்றத்துக்குள்ளேயே நடக்கும் அவமதிப்பைப் பற்றியது அச்சட்டத்தின் 14ஆவது பிரிவு. அங்கும் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், எதிர்வாதத்துக்கு வாய்ப்பளிக்க வேண்டும். வேறு நீதிபதி விசாரிக்க வேண்டுமென்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். அது நடைமுறையில் இயலக்கூடியது, நீதிக்கு உகந்தது என்று கருதினால் நீதிமன்றம் விவரங்களைத் தலைமை நீதிபதியின் முன் வைக்கும். 2009 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளை நோக்கிச் செருப்பு வீசப்பட்டபோது இந்தப் பிரிவு சோதனைக்கு உள்ளானது. நீதிபதி அரிஜித் பசாயத் அங்கேயே 3 மாதச் சிறை விதித்தார். உடன் அமர்ந்திருந்த நீதிபதி கங்குலி, 14ஆவது பிரிவின் நடைமுறையைப் பின்பற்றாமல் தண்டிக்க முடியாதென்றார். அந்த ஆண்டிலேயே மூன்று நீதிபதிகள் அமர்வு பசாயத்தின் பக்கம் நின்றது. குற்றம் கண்ணெதிரே நடந்தது உண்மைதான். ஆனால் கண்ணெதிரே நடந்ததற்கும் விளக்கம் கேட்கத்தான் அந்தப் பிரிவே எழுதப்பட்டது. கங்குலியின் கருத்தே சட்டத்தின் சொல்லுக்கு நெருக்கமானது.

தமிழகத்தைச் சேர்ந்தவரும் அப்போது கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவருமான சி.எஸ். கர்ணன் மீதான அவமதிப்பு வழக்கில் 2017 மே 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6 மாதச் சிறை விதித்தது. நோட்டீஸ் தரப்பட்டது, அவர் ஒருமுறை நேரில் வந்தார், பிறகு வரவில்லை. ஜூன் 20 அன்று கோவையில் கைதானார். காரணங்களை விரித்துரைக்கும் தீர்ப்போ ஜூலையில்தான் வெளியானது.

பிற நாட்டுத் தீர்ப்புகளில் முக்கியமானது கிப்ரியானு எதிர் சைப்பிரஸ் வழக்கு. 2001இல் லிமசோல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கின் குறுக்கு விசாரணையில் நீதிபதிகள் இடைமறித்தார்கள். நீதிபதிகள் தங்களுக்குள் காதல் கடிதம் அனுப்பிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் வழக்கறிஞர் கிப்ரியானு ஏதோ சொல்ல, அதே நீதிபதிகள் அவருக்கு 5 நாள் சிறை விதித்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2005 டிசம்பரில் அதைச் சார்பற்ற விசாரணை உரிமையை மீறிய செயல் என்றது. டிரினிடாட் டொபாகோவில் 1975இல் மகராஜ் என்ற வழக்கறிஞரை அதே பெயருடைய நீதிபதி 7 நாள் சிறைக்கு அனுப்பினார். குற்றம் எதுவென்று தெளிவாகச் சொல்லவில்லை. அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் அந்த ஆணையை ரத்து செய்தது. 1978இல் அரசு இழப்பீடு தர வேண்டுமென்றும் கூறியது.

இலங்கையில் டோனி பெர்னாண்டோ என்பவர் 2003 பிப்ரவரியில் தம் மனுவுக்காக உச்ச நீதிமன்றத்தில் (அந்நாட்டு வழக்கப்படி ‘உயர் நீதிமன்றம்’) தாமே வாதாடினார். குரலை உயர்த்தியதற்காக அங்கேயே ஓராண்டுக் கடூழியச் சிறை கிடைத்தது. அது எதேச்சையான காவல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் முடிவுசெய்தது. அவமதிப்புக்கென்று இலங்கை தனிச் சட்டம் இயற்றியது 2024இல்தான்.

மேல்முறையீட்டில் இந்தியச் சட்டம் பாதியில் நிற்கிறது. உயர் நீதிமன்றம் தண்டித்தால் அவமதிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி மேல்முறையீடு உரிமையாகவே உண்டு. உச்ச நீதிமன்றமே முதல் நீதிமன்றமாக இருந்து தண்டித்தால் மேல்முறையீடு இல்லை. சீராய்வு மனு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் அதே நீதிபதிகளின் முன். 2020 ஆகஸ்டில் 1 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண், இந்தக் குறையைச் சுட்டி மேல்முறையீட்டு உரிமை கோரி மனுச் செய்தார். நாடாளுமன்றம் இதற்காகச் சட்டத்தை இன்னும் திருத்தவில்லை.